விலையில்லை, நிபந்தனை உண்டு



1895 முதல் நம் கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் முல்லைப் பெரியாற்று நீர் பொது. ஆயினும் மடை திறக்க முறை உண்டு. கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. லினக்சை எவரும் எடுத்தாளலாம். அதனைச் சாதனத்தில் வைத்து விற்பவர், மூலநிரலையும் உரிம வாசகத்தையும் பெறுவோர்க்குத் தருதல் வேண்டும். அவ்வாறு தராத சைட்காம் நிறுவனம் நிபந்தனையை மீறி விற்கலாகாது என 2004-இல் ம்யூனிக் நீதிமன்றம் தடை விதித்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் விலையின்றி வழங்குகிறது. அது கேட்பது ஒன்றே: தட்டச்சிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர் தாங்கிய முகப்புப் பக்கத்தை நீக்காதீர். மாணவர்க்குப் படியெடுத்தபோது நானே அப்பக்கத்தை விட்டுவிட்டேன். அந்நிறுவனத்தைப் பழிக்க எனக்கு என்ன தகுதி? ஊதியம் பெறாதவர்க்குப் பெயரே கூலி. இனி அதனை மறுக்கமாட்டேன், நீங்களும் மறுக்காதீர்.