கல்லாவில் உட்கார வேண்டிய வயது





செலண்டாரில் நடைபெறும் இந்தப் பொன்விழாவில், முப்பதுகளில் இருக்கும் எங்களுக்கும் பேச வாய்ப்பளித்தீர்கள். நன்றி.

கப்பலேறி மலாயா வந்த நம் பாட்டன்மாரில் பலருக்கு அப்போது மீசை அரும்பும் வயது. இருபதில் கடைக் கணக்கைச் சுமந்தார்கள். எங்களுக்கோ படிப்பு முடித்து, கடனை அடைத்து, நிக்காஹ் செய்வதற்குள் முப்பதாகிவிடுகிறது. இன்று ஒரு கையில் பாலர்பள்ளிப் பிள்ளை, மறு கையில் அத்தாவின் கிளினிக் அட்டை. ஆனாலும் சங்கத்தில் இன்னும் "பையன்கள்"தான். நாற்காலி அடுக்குகிறோம், நோன்புக் கஞ்சி கிண்டுகிறோம். வரவு செலவு பேசும்போது வெளியே நிற்கிறோம்.

தவறு எங்களிடமும் உண்டு. "இளைஞர்" என்ற பெயர் வசதியாக இருந்தது. கடையில் வேலை என்று பொதுக்கூட்டத்திற்கு வராமல் இருந்தோம். எங்களுக்குக் கீழே உள்ள 18 வயதுப் பிள்ளைகளிடமும் கருத்துக் கேட்டதில்லை.

நாடு மாறிவிட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் 15 முதல் 40 வயது வரை இளைஞர் என்றது. 2019இல் நாடாளுமன்றம் அந்த உச்ச வரம்பை 30ஆகக் குறைத்துத் திருத்தியது. அதே ஆண்டு வாக்களிக்கும் வயதும் 21இலிருந்து 18ஆகத் திருத்தப்பட்டது.

மார்க்கம் இதை முன்பே காட்டித் தந்தது. உஸாமா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) படைத்தலைவராக நியமித்தபோது அவருக்குச் சுமார் 18 வயது. மூத்த ஸஹாபாக்கள் அவர் தலைமையின்கீழ் இருந்தார்கள். நாற்பது வயதைத் திருக்குர்ஆன் அல்அஹ்காஃப் அத்தியாயத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வயதில் மனிதன் பெற்றோருக்குக் கிடைத்த அருளுக்கும் நன்றி செலுத்துகிறான். சந்ததிக்காகவும் துஆ கேட்கிறான். முன்னும் பின்னும் பார்க்கும் வயது அது. எங்களில் பலர் அதை நெருங்கிவிட்டோம்.

எனவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. 30 தாண்டிய நாங்கள் இளைஞர் பிரிவை விட்டு விலகுகிறோம். அதை 18 வயதுப் பிள்ளைகளிடம், பெண்பிள்ளைகள் உட்பட, ஒப்படையுங்கள். செயலாளர், பொருளாளர் பக்கத்தில் எங்களில் ஒருவரை இரண்டு ஆண்டு உட்காரவைத்துப் பழக்குங்கள்.

கல்லாவில் உட்காராத பிள்ளைக்கு, அத்தா மௌத்தான பிறகுதான் கடையின் கடன் தெரியும். பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே சாவியைக் கேட்கிறோம். பக்கத்திலிருந்து திருத்துங்கள்.

அல்லாஹ் நம் சங்கத்திற்கு பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.