திரையில் ஒரு கில்ஜி. வரலாற்றில் ஒரு கில்ஜி!

(இளைஞர்கள், வணிகர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



 

சினிமாவைப் பற்றிப் பேச ஓர் ஆலிமுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தியேட்டருக்குப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவன் என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், கூடப் படிப்பவர்கள் என்னை 'கில்ஜி' என்று கூப்பிடுகிறார்கள். நம் சுல்தான்கள் அப்படித்தான் இருந்தார்களா?" என்று கேட்டான். பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது என்பதால் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

2018 ஜனவரியில் வெளிவந்த 'பத்மாவத்' அது. சஞ்சய் லீலா பன்சாலி எடுத்தது. தமிழிலும் குரல் மாற்றி வந்தது. ராஜபுத்திரர் அரண்மனையில் ஒளி, பொன், கண்ணியம். சுல்தானின் கூடாரத்தில் இருள், கறுப்பு உடை, பல்லால் இறைச்சியைக் கிழிக்கும் மன்னன்! சுல்தானின் மனைவியை மட்டும் நல்லவராகக் காட்டியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரலாறு என்ன சொல்கிறது?

அலாவுத்தீன் கில்ஜி சித்தூர்க் கோட்டையைப் பிடித்தது 1303ல். அந்தப் படையெடுப்பில் உடன் சென்ற அமீர் குஸ்ரோ எழுதிய வரலாற்றில் பத்மினி என்ற பெயரே இல்லை! 237 ஆண்டுகள் கழித்து, 1540ல், அவதி மொழியில் அந்தக் காவியத்தை எழுதியவர் மாலிக் முஹம்மது ஜாயஸி. அவர் ஒரு சூஃபி! ஒரு முஸ்லிம் கவிஞர் ராஜபுத்திர அரசியின் புகழைப் பாடினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வணிகர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. மங்கோலியப் படைகள் 1299லும் 1303லும் தில்லியின் வாசல்வரை வந்தன. அவர்களைத் தடுக்கப் பெரும்படை வேண்டும். குறைந்த சம்பளத்தில் படைவீரன் பிழைக்க விலைவாசி குறைய வேண்டும். ஒரு மன் கோதுமை ஏழரை ஜீத்தல் என்று சுல்தான் விலை கட்டினார். எடையில் குறைத்தவனுக்குக் கடும் தண்டனை! பரனீயின் வரலாற்று நூலில் இவையெல்லாம் இருக்கின்றன. படத்தில் இந்தச் சந்தைக்கு இடமில்லை.

அதற்காக அவரை வலியாக்கிவிடாதீர்கள்! சிறிய தந்தையும் மாமனாருமான ஜலாலுத்தீனைக் கொன்று அரியணை ஏறியவர் அவர். சித்தூரில் முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டதை குஸ்ரோவே எழுதியிருக்கிறார். நமக்கே பாதகமானாலும் உண்மையைச் சொல்வதே நம் மார்க்கம். மன்னரின் குற்றம் மன்னருக்கு. மார்க்கத்துக்கும் இல்லை, நம் பிள்ளைக்கும் இல்லை.

யாரைக் கேட்டார்கள்?

தணிக்கை வாரியம் சிறப்புக் குழு அமைத்தது. உதய்பூர் அரச குடும்பத்தவரும் ஜெய்ப்பூர் வரலாற்றாசிரியர்களும் அதில் இருந்தார்கள். படத்தின் பெயர் மாறியது. நடனப் பாட்டில் அரசியின் உடை திருத்தப்பட்டது. சுல்தானின் சித்திரிப்பைப் பற்றி யாரிடம் கேட்டார்கள்?

"அவர்கள் கல்லெறிந்தார்கள், கிடைத்தது. நாமும் எறிந்தால் என்ன?" என்கிறான் ஒரு தம்பி. தம்பி, 2018 ஜனவரி 24ல் குருகிராமில் பள்ளிப் பேருந்தின்மீது கல் விழுந்தது. குழந்தைகள் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். அந்தக் கௌரவம் நமக்கு வேண்டுமா? தடை விதித்த மாநிலங்களின் உத்தரவையும் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, படம் ஓடியது.

1960ல் வந்த 'மொகலே ஆஜம்' படத்தை எண்ணிப் பாருங்கள். அனார்கலியும் கட்டுக்கதைதான். ஆனால் அங்கே அக்பர், நீதிக்கும் மகனுக்கும் நடுவே தவிக்கும் தகப்பன், ஒரு மனிதர்! காரணம்? எழுதியவர்களில் கமால் அம்ரோஹியும் வஜாஹத் மிர்ஸாவும் இருந்தார்கள். எழுதும் இடத்தில் நாம் இருந்தோம்.

இளைஞர்களே, கல்லைக் கீழே போடுங்கள், பேனாவை எடுங்கள்! பாரசீகம் படியுங்கள், வரலாறு படியுங்கள், சட்டம் படியுங்கள். வணிகர்களே, திருமணப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, ஊருக்கு ஒரு பிள்ளை வரலாறு படிக்க ஒதுக்குங்கள்.

நம் கதையை நாம் எழுதாவிட்டால், பிறர் எழுதியதையே நம் பிள்ளைகள் சுமப்பார்கள். அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.