பட்டாவுக்கு முந்திய உரிமை

ஏழைக்கு நிலத்தில் உறுதி வேண்டுமா, பட்டா கொடுங்கள், அதை அடகு வைத்துக் கடன் வாங்கி முன்னேறுவான் என்கிறார்கள். பெரு நாட்டுப் பொருளியல் அறிஞர் எர்னாண்டோ தெ சோட்டோ இக்கருத்தை உலகெங்கும் பரப்பினார். ஆனால் நாம் நிற்கும் இந்தப் பர்மா மண் அந்தச் சோதனையை எப்போதோ பார்த்துவிட்டது. 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, கீழ் பர்மாவில் 12 ஆண்டு தொடர்ந்து பயிரிட்டு வரி கட்டியவருக்கு நிலம் சொந்தம். விற்கலாம், அடமானம் வைக்கலாம். நம் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், ஐராவதிக் கழிமுகம் உலகுக்கே அரிசி அனுப்பியது. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1930இல் நெல் விலை சரிந்தது, கடன் நின்றது. அவ்வாண்டில் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. செட்டியார்கள் கேட்டது வட்டியும் முதலும்தான். வந்து சேர்ந்தது வயல். பட்டா வைத்திருந்த உழவன் தன் வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். 1948இல் தொடங்கிய நில தேசியமயத்தில் செட்டியார்களும் அந்த வயல்களை இழந்தார்கள்.

அப்படியானால் விற்பனையையே தடுத்துவிடலாமே என்பீர்கள். 1953ஆம் ஆண்டு நில தேசியமயச் சட்டம் அதைத்தான் செய்தது. நிலத்துக்கு அரசே உடைமையாளர் என்றான பிறகு, என்ன பயிரிடுவது என்பதையும் அதிகாரிகளே சொன்னார்கள். 2012இல் விளைநிலச் சட்டம் விற்பனையையும் அடமானத்தையும் மீண்டும் அனுமதித்தது. அதே ஆண்டில் வந்த தரிசுநிலச் சட்டமோ, காகிதம் இல்லாத நிலத்தைக் காலிநிலம் என்று கணக்கில் எழுத இடம் தந்தது. 2018இல் செய்த திருத்தம், 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்காமல் அதில் பயிரிடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்றது. மலைமக்கள் மண் ஆறட்டும் என்று சுழற்சியில் விட்டுவைக்கும் காடும் அந்தக் கணக்கில் காலிதான். இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. ஏழைக்கு முதலில் வேண்டியது வெளியேற்றப்படாத உரிமை. விற்கும் உரிமை அதற்குப் பிறகுதான்.

நகரில் காகிதமின்றிக் குடியிருப்பவரை அங்கீகரித்தால் ஆக்கிரமிப்பு பெருகாதா? நியாயமான கேள்வி. ஆனால் 2008இல் நர்கிஸ் புயல் கழிமுகத்தை அழித்தபின் யாங்கோனின் லைங்தாயா பகுதிக்கு வந்தவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டு வரவில்லை. வேலை இங்கே இருந்தது, கட்டுப்படியாகும் வாடகை இல்லை. அவர்களை விரட்டினால் அடுத்த வாய்க்கால் கரையில் குடிசை போடுவார்கள். தாய்லாந்து 2003இல் தொடங்கிய 'பான் மன்கோங்' திட்டத்தில் குடியிருப்பே கூட்டாக நிலத்தை வாங்குகிறது, அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கிறது. கடனும் கூட்டுறவின் பெயரில்தான். நம் யாங்கோனிலும் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் சேர்ந்து மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டு உரிமையைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்க வேண்டும். அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும், குடியுரிமைச் சீட்டு கிடைக்காமல் தவிக்கும் நம் கிராமத்துத் தமிழனின் பெயரும் இருக்க வேண்டும்.