சர்வருக்கு வைத்த பொட்டு

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, அறிமுக உரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதிக்கு மேல் என்னோடு வேலை பார்த்தவர்கள் செய்தவை. அவர்கள் சார்பிலும் நன்றி. இந்தப் புழுக்கத்தில் கனத்த அங்கியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி நிதி நிறுவனங்களின் கணினித் துறையில் கழிந்தது. புரோகிராம் எழுதினேன், பிறகு எழுதுபவர்களை மேய்த்தேன், கடைசியில் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டேன். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்படி துணைவேந்தர் கேட்டபோது, நான் தாவரவியல் படித்தவன் அல்லவே என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்தால் சர்வர் அறையும் சுற்றுச்சூழல்தான். மின்சாரம் உள்ளே போகிறது, வெப்பம் வெளியே வருகிறது, தண்ணீர் ஆவியாகிறது, கடைசியில் குப்பை மிஞ்சுகிறது. இதை நிர்வகிக்கப் போகிறவர்கள் நீங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சர்வர் அறையின் கோடியில் ஓர் இயந்திரம் இருந்தது. பெயர் எழுதிய லேபிள் எப்போதோ உரிந்துபோயிருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, சின்ன வடகம் போலத் தடித்திருந்தது. பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள்: ‘தயவுசெய்து அணைக்காதீர்கள்.’ எழுதியவர் யார் என்று தெரியவில்லை. இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். ஒருவர் சம்பளப் பட்டியல் என்றார். இன்னொருவர், இல்லை சார், பழைய கடன் கணக்குகள் என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, “அதில் கை வைக்க வேண்டாம் சார், வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது” என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் ரகசியமாகச் செய்வதுதான். இயந்திரத்தை இணைப்பிலிருந்து துண்டித்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. அதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. பத்து வருடம் ஓடிய வட்டு ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமலே போகலாம். நெட்வொர்க் கம்பியை மட்டும் உருவ வேண்டும். யாராவது கத்தினால் அரை நிமிடத்தில் திரும்பச் செருகிவிடலாம். காலாண்டுக் கணக்கு முடியும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். சில அறிக்கைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படும்.

மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பியை உருவினோம். மாதக் கடைசி வந்தது, காலாண்டும் முடிந்தது. ஒருவரும் கத்தவில்லை. பிறகு உள்ளே நுழைந்து பார்த்தோம். தினமும் நள்ளிரவுக்குப் பின் அது ஓர் அறிக்கை தயாரித்து ஓர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய முகவரியும் மூடப்பட்டுவிட்டது. மின்னஞ்சல் திரும்பி வரும், அதை இயந்திரம் பத்திரமாகச் சேமித்து வைக்கும், மறுநாள் மறுபடி அனுப்பும். வட்டு முழுக்கத் திரும்பி வந்த கடிதங்கள்! அதை அகற்றிய பிறகு எங்களுக்கு ஒரே ஒரு புகார்தான் வந்தது, அதுவும் அடுத்த ஆயுத பூஜையன்று. தட்டும் குங்குமமுமாக வந்த அலுவலக உதவியாளர் அண்ணன், “சார், கோடியில் இருந்ததே, அது எங்கே?” என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். அந்த ஒரு நிறுவனத்தின் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஜொனாதன் கூமி என்ற அமெரிக்க ஆய்வாளரும் ஜான் டெய்லரும் 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த தரவு மையங்களில் சுமார் 30 சதவீத சர்வர்கள் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒரு வேலையும் செய்யாமல் மின்சாரம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தன. அப்டைம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு இப்படிப்பட்ட இயந்திரங்களை அகற்றுவதற்கு ஒரு போட்டியே நடத்தியது. பரிசு, மாட்டுக்கார வீரர்கள் அணிகிற இடுப்புப் பெல்ட் பக்கிள்! ஏஓஎல் நிறுவனம் 2011-இல் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட சர்வர்களை அகற்றி அதை வாங்கியது.

ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண சர்வர் ஒன்று சும்மா இருக்கும்போதும் 200 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 1,752 யூனிட். ஏசி, யுபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்தால் அறுபது சதவீதம் கூடி, ஏறத்தாழ 2,800 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதாவது ஆண்டுக்கு 600. யாருக்குமே பயன்படாத ஒரு பெட்டி நாலரை வீட்டின் இலவச மின்சாரத்தைத் தின்கிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தப் பெட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு டன்.

ஏன் யாரும் அணைப்பதில்லை? சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அணைத்து ஏதாவது நின்றுபோனால் அணைத்தவர் தலை உருளும். அணைக்காமல் விட்டால் யார் தலையும் உருளாது. இன்னொன்று, சர்வரை வாங்குவது கணினித் துறை, மின்கட்டணம் கட்டுவது கட்டட நிர்வாகத் துறை. கணினித் துறைத் தலைவர் மின் ரசீதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். நான் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, “உங்களுக்கு எதற்கு சார் இது?” என்றுதான் கேட்டார்கள். தாளில் அச்சடிப்பதைக் குறைக்கச் சொல்லும் சுற்றறிக்கைகளை எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலுக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு மரத்தின் படம் போட்டுவிட்டு, மாடியில் முந்நூறு இயந்திரங்களைச் சும்மா ஓடவிடுவோம்.

இப்போது எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி இந்தப் பிரச்சினை இல்லை என்பார்கள். பொட்டு வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சோதனைக்கென்று எடுத்த கிளவுட் இயந்திரம் திங்கள் முதல் வெள்ளி வரை நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் பயன்படும். வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். எழுபது சதவீத நேரம் அது யாருக்காக ஓடுகிறது? மாலையில் அணைத்துக் காலையில் எழுப்ப நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். உங்களில் யார் வேண்டுமானாலும் அதைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

இங்கே என் மாணவப் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், வயதானவனுக்கு இந்தச் சலுகை உண்டு. சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370 கணினி 1973-இல் வந்தது. எங்களைப் போன்றவர்கள் அட்டையில் துளையிட்டு அங்கே கொண்டுபோவோம். அட்டைக்கு 80 நிரல். கட்டின் மேல்விளிம்பில் மார்க்கரால் ஒரு சாய்வான கோடு இழுத்து வைப்போம். பஸ்ஸில் கட்டு அவிழ்ந்து கொட்டினால் கோட்டைப் பார்த்து அட்டைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள்தான் விடை கிடைக்கும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் அந்த நாள் போச்சு. அதனால் அனுப்புவதற்கு முன் காகிதத்தில் மூன்று தடவை ஓட்டிப் பார்ப்போம். அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபரேட்டரின் முகத்தை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. கணினி நேரம் விலை உள்ள பொருள் என்ற எண்ணம் மட்டும் கையோடு தங்கிவிட்டது.

சர்வர் அறைக் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதச் சென்னையில் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் சர்வர் அறைக் காவலர். பதினாறு, பதினேழு டிகிரியில் வைத்தால்தான் இயந்திரத்துக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. குளிர்பதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. மேல் எல்லையை 2008-லேயே 27-க்கு உயர்த்திவிட்டார்கள், எத்தனை வருடமாகிறது! சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காதபடி ரேக்குகளுக்கு நடுவே தடுப்பு வைத்து, வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சில்லர் என்ற குளிர்விப்பு இயந்திரத்தின் பாடு குறையும், காவலர் ஸ்வெட்டரைக் கழற்றலாம்.

சில்லர் என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் சில கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது கொரோனாவுக்கு முந்திய ஆண்டில், தண்ணீர் இல்லாமல். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் சுமந்துகொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. குளிர்விப்புக் கோபுரத்தில் ஒரு யூனிட் வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் போகும். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் தரவு மையங்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவை வரட்டும், வேலையும் வரட்டும். ஆனால் உங்கள் கோபுரத்துக்கு நல்ல தண்ணீரா, சுத்திகரித்த கழிவுநீரா என்ற கேள்வியைக் கட்டடம் எழும்பும் முன்பே கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

அடுத்தது குப்பை. கம்பெனிச் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணையில் மடிக்கணினிக்கு ஆயுள் மூன்று ஆண்டு, சர்வருக்கு ஆறு ஆண்டு. அது தேய்மானக் கணக்குக்காகப் போட்ட எண். அதையே இயந்திரத்தின் உண்மையான ஆயுள் என்று எடுத்துக்கொண்டு, மூன்று வருடம் ஆனதும் மாற்றிவிடுகிறோம். மடிக்கணினி தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பன் சுமையில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வரும் முன்பே, தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. மூன்றை ஐந்தாக்கினால் கிடைக்கும் லாபம், புதிதாக எத்தனை நட்சத்திரம் போட்ட பெட்டி வாங்கினாலும் கிடைக்காது. கூகுளும் மைக்ரோசாஃப்டும்கூடத் தங்கள் சர்வர்களின் கணக்கு ஆயுளை ஆறு ஆண்டாக நீட்டியிருக்கின்றன. அவர்கள் பார்த்தது பணத்தை, இருந்துவிட்டுப் போகட்டும். அதே மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத நல்ல கணினிகள் கோடிக்கணக்கில் ஓரங்கட்டப்படும் நிலை. அவற்றில் லினக்ஸ் போடலாம். அரசின் கணினி ஆய்வு மையமான நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. தாய்மொழியில் ஓடுகிற இயங்குதளம் கையில் இருக்க, நல்ல கணினியை எடைக்குப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எடைக்குப் போட்டது எங்கே போகிறது? உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத்தில், ராமகங்கை ஆற்றங்கரையில் சர்க்யூட் போர்டுகளை எரித்து, சாம்பலைக் கழுவி உலோகம் எடுத்தார்கள். கையுறை கிடையாது. 2022-இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 சதவீதத்துக்கு மட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் நம் விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே மின்கழிவை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் தகவல் கசிந்துவிடும் என்று பயந்து ஹார்ட் டிஸ்க்கை டிரில் போட்டுத் துளைக்கிறார்கள். முறையாக அழிக்கும் மென்பொருளும் சான்றிதழும் இருக்கும்போது, இன்னொருவர் ஐந்து வருடம் பயன்படுத்தக்கூடிய வட்டை ஏன் ஓட்டை போட வேண்டும்?

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசாமல் போனால் விடமாட்டீர்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலகின் தரவு மையங்கள் பயன்படுத்தியது 41,500 கோடி யூனிட், உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள். சிப்புகள் சிக்கனமாகின்றன, உண்மை. நீராவி இயந்திரம் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு கூடியது என்று ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865-லேயே எழுதிவிட்டார். மலிவானால் அதிகம் செலவழிப்போம். ஆகவே சிக்கனமான சிப் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

பெற்றோர்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும்: இதெல்லாம் சரி, இதில் வேலை கிடைக்குமா? கிடைக்கும். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் எரிசக்தி, தண்ணீர், மின்கழிவு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்பப் பல இடங்களில் ஆள் இல்லை. மின்சாரமும் தெரிந்து, கணினியும் தெரிந்து, கணக்கும் எழுதத் தெரிந்தவர் அபூர்வம். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வுக்குப் போவீர்கள். முடிவில், எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். சம்பளத்தைக் கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: சர்வர் அறையின் மின்கட்டண ரசீது இங்கே யார் மேசைக்குப் போகிறது? பதில் சொல்லத் தெரிந்த இடம் என்றால் சேருங்கள். தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அங்கேயும் சேருங்கள், உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.