இடமில்லாத வீட்டில் ஒரு இடம்

இந்த எபிசோட், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டு வெச்சிருக்கிறவங்களுக்கு. சர்ச்சுக்குப் போற பழக்கம் இல்லாதவங்களும் கேளுங்க. பொங்கலுக்குப் போறப்பவும் இதே பிரச்சினைதான்.

எங்க ஆட்டையாம்பட்டி, சேலத்துலருந்து திருச்செங்கோடு போற வழியில இருக்கு. ஊர்ப் பேரைச் சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்குக் கை முறுக்குதான் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கம்மி. அதனால ஒரே சொந்தத்துக்குள்ள ஆடிக்குக் கூழ் ஊத்துற பெரியம்மாவும் இருப்பாங்க, டிசம்பர்ல வாசல்ல ஸ்டார் கட்டுற சித்தியும் இருப்பாங்க. 25ஆம் தேதி எல்லாரும் ஒரே வீட்ல பிரியாணி சாப்பிடுவாங்க. சண்டை வர்றதுக்குக் காரணம் வேற: நிலம், சீர்ல குறைஞ்ச பவுன், சாதி மாறி நடந்த கல்யாணம். அதனால பல வீட்டு விருந்துல வராத ஆள் ஒருத்தர் இருக்காங்க. அவங்க பேரை எடுத்ததும் பேச்சு நின்னுடும்.

இப்போ கிறிஸ்துமஸ் கதைக்கு வருவோம். யோசேப்பும் மரியாளும் குடிமதிப்புக்காக நாசரேத்துலருந்து பெத்லகேம் போறாங்க. 100 கிலோமீட்டருக்கு மேல பயணம். பெத்லகேம் யோசேப்போட பூர்வீக ஊர். அங்க சத்திரத்துல இடமில்லைன்னு நம்ம பழைய தமிழ் பைபிள் சொல்லுது. சண்டே ஸ்கூல் நாடகத்துல கதவைச் சாத்துற சத்திரக்காரரை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனா லூக்கா 2ஆம் அதிகாரத்துல அந்த ஆளே கிடையாது!

அங்க இருக்கிற கிரேக்க வார்த்தை 'கட்டாலுமா'. 22ஆம் அதிகாரத்துல, சீஷர்களோட பஸ்கா விருந்து சாப்பிட இயேசு கேட்கிற அறைக்கும் இதே வார்த்தைதான். நல்ல சமாரியன் கதையில நிஜமான சத்திரம் வருது. அதுக்கு லூக்கா போடுற வார்த்தை 'பாண்டோகெயோன்'. தமிழ்ல ரெண்டுமே சத்திரம் ஆயிடுச்சு. மத்திய கிழக்குல பல வருஷம் பாடம் எடுத்த கென்னத் பெய்லி மாதிரி அறிஞர்கள் சொல்றது இதுதான்: நிரம்பி இருந்தது ஒரு வீட்டோட விருந்தினர் அறை. அந்தக் கால வீடுகள்ல ஆடு மாடு ராத்திரி உள்ளயே ஒரு பக்கம் நிக்கும், தீவனத் தொட்டியும் அங்கயே இருக்கும். குழந்தையைப் படுக்க வெச்சது அதுல. இதை ஏத்துக்காத அறிஞர்களும் இருக்காங்க. எனக்கு இந்த வாசிப்புதான் பொருந்துற மாதிரி இருக்கு.

அப்படின்னா அது நம்ம வீடுதான். ரூம் ஃபுல், பாய் பத்தலை, யாரு எங்க படுக்கிறதுன்னு தெரியலை. கல்யாணத்துக்கு முன்னாடியே கர்ப்பம்னு ஊர் பேசக்கூடிய ஒரு பொண்ணு வேற வந்து நிக்கிறா. அந்த வீட்ல யாரோ ஒருத்தர் "கொஞ்சம் நகருங்க"ன்னு சொல்லியிருக்கணும். அன்புங்கிறது எனக்கு அந்த ரெண்டு வார்த்தைதான்.

ஏன் நமக்கு நகர முடியலை? அதே லூக்கா 15ஆம் அதிகாரத்தைப் பாருங்க. ஊதாரி மகன் திரும்பி வந்துட்டான், வீட்ல விருந்து. மூத்தவன் மட்டும் உள்ள வர மாட்டேங்கிறான். இத்தனை வருஷம் உழைச்சேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட குடுக்கலைன்னு கணக்குச் சொல்றான். நம்ம பாஷையில, மொய் நோட்டைத் திறந்துட்டான். கணக்கு தப்புன்னும் சொல்ல முடியாது, அவன் உண்மையாவே உழைச்சவன். அப்பா வெளிய வந்து அவனையும் கெஞ்சிக் கூப்பிடுறார். அவன் உள்ள போனானான்னு இயேசு சொல்லவே இல்லை. கதை வாசல்லயே நின்னுடுது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அடிச்சவங்க, தப்பா நடந்துக்கிட்டவங்க பக்கத்துல போய் உட்காருன்னு யாரையும் நான் சொல்லலை. அன்புங்கிற பேர்ல காயம்பட்டவங்களைப் பேசாம இருக்கச் சொல்றது அன்பு இல்லை. நான் சொல்றது, கௌரவத்துக்காகவும் பழைய கணக்குக்காகவும் நாம வெளிய நிறுத்தி வெச்சிருக்கிறவங்களைப் பத்தி.

அதனால இந்த வாரம் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, அதுல யாரு இல்லைன்னு பாருங்க. அந்த அத்தைக்கோ அண்ணனுக்கோ நீங்களே போன் பண்ணுங்க. பெரியவங்க சம்மதத்துக்குக் காத்திருந்தா இன்னும் பத்து கிறிஸ்துமஸ் போயிடும். பெரிய மன்னிப்புப் பேச்செல்லாம் வேண்டாம். "25ஆம் தேதி சாப்பிட வர்றீங்களா?"ன்னு கேளுங்க. வர மாட்டேன்னு சொன்னா, நீங்க ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிட்டு அவங்க வீட்டுக்குப் போங்க. அந்த அப்பாவும் விருந்தை விட்டுட்டு வெளிய வந்தவர்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.