கையெழுத்துப் போடும் முன் வாசிக்கத் தெரிய வேண்டும்

(வேலை செய்துகொண்டே எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பெரியவர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



ஆறு நாள் வேலை செய்துவிட்டு, கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதுகாவலர் இருக்கிறார், லோரி ஓட்டுநர் இருக்கிறார், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர் இருக்கிறார், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த தாய்மாரும் இருக்கிறார்கள். பலரிடம் எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்கிறது. ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். தேசிய மொழியிலும் 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் சூப்பர்வைசர் பதவிக்கோ கல்லூரிப் படிப்புக்கோ மனுச் செய்யும்போது அந்த ஒரு பாடம் கதவை அடைத்து நிற்கிறது. அதனால்தான் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் மீண்டும் உட்கார வந்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் வராதது உங்கள் மந்த புத்தியால் அல்ல. தோட்டத்தில் ஆங்கிலம் துரை பங்களாவோடும் கிராணி ஆபீசோடும் நின்றுவிட்டது, லயத்துக்கு வரவில்லை. 1970 தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் பிள்ளை, ஒரே நேரத்தில் மலாயில் பாடம் படிக்கவும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கவும் வேண்டியிருந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, டியூஷனுக்குக் காசு இல்லை. இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் குறியீட்டு எண் 1119. 2021 முதல் அதில் நான்கு தாள்கள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். இன்று நாம் பேசப்போவது முதல் தாளான வாசிப்பைப் பற்றி. ஒன்றரை மணி நேரம், 40 கேள்விகள், ஐந்து பகுதிகள்.

முதல் பகுதியில் 8 கேள்விகள். அறிவிப்பு, குறுஞ்செய்தி, விளம்பரம் போன்ற சின்னச் சின்ன வாசகங்கள் வரும். இரண்டாம் பகுதியில் ஒரு பத்தியில் 10 இடங்கள் காலியாக இருக்கும், பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதில் ஒரு நீண்ட கட்டுரையும் 8 கேள்விகளும். நான்காவதில் கட்டுரையிலிருந்து 6 வாக்கியங்களை எடுத்துவிட்டிருப்பார்கள், எது எங்கே சேரும் என்று பொருத்த வேண்டும். ஐந்தாவதில் 8 கேள்விகள். பாதி பொருத்துவது, பாதி வாசகத்திலிருந்தே சொல்லை எடுத்து எழுதுவது.

இந்த ஐந்தும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. எது நியாயம் என்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் அதிகமாக மதிப்பெண் இழப்பது இங்கேதான். அனுபவம் இருப்பதால், முழுவதும் படிக்காமலே "இப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தொழிற்சாலைச் சுவரில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. அதன் பொருள்: "மேலாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தாலன்றி யாரும் ஓவர்டைம் செய்யக் கூடாது." மூன்று விடைகள் தருகிறார்கள். ஒன்று, ஓவர்டைம் அடியோடு நிறுத்தப்பட்டது. இரண்டு, எழுத்தில் அனுமதி இருந்தால் ஓவர்டைம் செய்யலாம். மூன்று, மேலாளர் வாயால் சொன்னால் போதும். அவசரப்படுகிறவர் "கூடாது" என்பதைப் பார்த்ததும் முதல் விடையைப் போடுவார். தன் தொழிற்சாலை வழக்கத்தை நினைப்பவர் மூன்றாவதைப் போடுவார். "அன்லெஸ்" என்ற ஒரு சின்னச் சொல்லைக் கவனித்தவர்தான் இரண்டாவதைப் போடுவார். அதுதான் சரி.

இதை ஒரு வழக்கறிஞன் ஏன் வந்து சொல்கிறான் என்று கேட்கலாம். இந்தப் பழக்கம் தேர்வு மண்டபத்தோடு முடிவதில்லை என்பதால் சொல்கிறேன். என் அலுவலகத்துக்கு வரும் நம் மக்களில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பத்திரத்தைக் கொண்டுவந்து, "சார், இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள்.

சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1934-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராக்கப் வழக்கு. வேல்ஸ் நாட்டில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, சிகரெட் விற்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். அது ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட பாரத்தில், பொடி எழுத்தில், விற்றவருக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருந்தது. ஏமாற்றோ பொய் விளக்கமோ இல்லாதவரை, கையெழுத்துப் போட்டவர் படித்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கொள்கையை நம் நாட்டு நீதிமன்றங்களும் பின்பற்றி வந்திருக்கின்றன.

ஆகவே, தயாராவதற்கு விலை உயர்ந்த புத்தகம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு வந்த தாள்களே போதும்: வேலை நியமனக் கடிதம், சம்பள ஸ்லிப், காப்புறுதிப் பத்திரம், மோட்டார் வாங்கிய பத்திரம், மருந்து டப்பாவின் லேபல்.

மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டு ஹையர் பர்ச்சேஸ் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அதோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 21 நாள் கடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டியை இழுக்க முடியும். இரண்டையும் இணைக்கும் சொல் "அண்ட்". அந்த இடத்தில் "ஓர்" இருந்தால் உங்கள் வண்டியின் கதையே வேறு! சின்னச் சொல்தான், ஆனால் சோறு போடும் வண்டி அதில் தொங்குகிறது.

தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு நான் சொல்லும் முறை இது.

ஒன்று: ஒரு சின்னப் பத்தியை அகராதி இல்லாமல் முழுவதும் வாசியுங்கள். தெரியாத சொல் வந்தாலும் நிற்காதீர்கள், அடிக்கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

இரண்டு: மறுபடி வாசிக்கும்போது "நாட்", "ஒன்லி", "அன்லெஸ்", "எக்செப்ட்", "அன்டில்", "மே", "மஸ்ட்" ஆகிய சொற்களை வட்டமிடுங்கள். "மே" என்றால் செய்யலாம், "மஸ்ட்" என்றால் செய்தே ஆக வேண்டும்.

மூன்று: ஐந்து சொல்லுக்கு மேல் அகராதியில் பார்க்க வேண்டாம். மற்றதை முன்பின் பார்த்து ஊகியுங்கள். உங்களுக்குத் தெரிந்த மலாயும் கைகொடுக்கும். கொன்ட்ராக், இன்சுரான்ஸ், லெசன், நோட்டிஸ் என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு வந்த சொற்கள்தானே!

நான்கு: வாசித்ததை வீட்டில் ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது, தடுமாறினால் புரியவில்லை. இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

ஐந்து: பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் கிளினிக்கிலும் பத்து வயதுப் பிள்ளை நமக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்பதைப் பார்க்கிறோம். இனி அவனிடம் அர்த்தம் கேட்காதீர்கள். கடிகாரத்தைக் கொடுத்து, "அம்மா எத்தனை நிமிடத்தில் முடிக்கிறேன் பார்" என்று சொல்லுங்கள்.

தேர்வு நாளில் 90 நிமிடத்துக்கு 40 கேள்வி, அதாவது ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கேள்வியை முதலில் படியுங்கள், பிறகு வாசகத்தில் அதற்குரிய வரியைத் தேடி விரலை வையுங்கள். கேள்வியில் உள்ள சொல்லே விடையிலும் இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது, பொருளைப் பாருங்கள். ஒன்றில் மாட்டிக்கொண்டால் குறியிட்டுவிட்டு நகருங்கள். எதையும் காலியாக விடாதீர்கள். கடைசிப் பகுதியில் சொல்லை வாசகத்தில் உள்ளபடியே எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

நீங்கள் எழுதப் போவது 'சாலோன் பெர்செண்டிரியான்' என்னும் தனித் தேர்வராக. பள்ளி உங்களுக்காகப் பதிவு செய்யாது. பதிவு தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் மாநிலக் கல்வி இலாகாவில் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாக, இது உங்கள் தனி முயற்சியால் மட்டும் முடிய வேண்டிய காரியம் அல்ல. 2001-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், அதில் சேர்க்கப்பட்ட துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள், ஊழியர் பயிற்சிக்காக லெவி செலுத்துகிறார்கள். உங்கள் கம்பெனி செலுத்துகிறதா, ஆங்கிலப் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்த முடியுமா என்று தொழிற்சங்கம் மூலமாகக் கேளுங்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகளையும் சமூக மண்டபங்களையும் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குத் திறந்துவிடும்படி உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியிடம் கூட்டாகப் போய்க் கேளுங்கள். இது பிச்சை அல்ல, வரி கட்டும் குடிமக்களின் கோரிக்கை.

தேர்வு வரும் வரை ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தத் தாளை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். "ஒரு நாள் கொடுங்கள், வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தாளையே அன்றைய இருபது நிமிடப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தை அடுத்த ஞாயிறு இங்கே கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.