ஆச்சி பிரஷர் மாத்திரை போட்டாளா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் பேசியது)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாகச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்று வீட்டில் இருக்கிற ஆச்சி, தாத்தாமார்களின் ரத்தக்கொதிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் டாக்டர்கள் இல்லை. உங்களைப் போலக் குழுவில் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் போனவர்கள். சேரன்மகாதேவி பக்கம் வீடு வீடாகப் பிரஷர் மிஷினோடு போய் வருகிறோம்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்து மாத்திரை எழுதித் தரவேண்டும். பிறகு வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். காசு கிடையாது. 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபை விருது கிடைத்தது. நம்ம பெண்கள் நடந்த நடைக்குக் கிடைத்த விருது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

மாத்திரை கொண்டுபோறது கஷ்டமில்லை. அதை முழுங்க வைக்கிறதுதான் கஷ்டம். ஒரு ஆச்சிக்கு 170/100 இருந்தது. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு 130/80க்கு வந்தது. "அதான் சரியாப் போச்சுல்லா, இனி எதுக்குளா மாத்திரை?" என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அடுத்த தடவை நாங்கள் போனபோது, "சாப்பிடுதேன்" என்றார். அன்றைக்கு மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. மாத்திரை அட்டையையும் எண்ணிப் பார்க்காமல் நம்பி வந்துவிட்டோம். சில வாரத்தில் ஆச்சிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அட்டையைத்தான் கேட்கிறோம்.

பிரஷர் குறைந்தது மாத்திரையால்தான். நிறுத்தினால் திரும்ப ஏறும். ஏறுவது பல பேருக்குத் தெரியவே தெரியாது, தலைவலி கூட வராது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம்ம பிள்ளைகள் கோயம்புத்தூர், பம்பாய், துபாய் என்று இருக்கிறார்கள். ராத்திரி போன் போட்டு "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். கூடவே, "மாத்திரை போட்டியா? அட்டையில எத்தனை மிச்சம் இருக்கு?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணைத் தேதி போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். ஆச்சிக்கு எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை எழுதட்டும். கொரோனா நேரம், 2020இல், வீட்டிலிருந்தே டாக்டரிடம் வீடியோவில் பேசுகிற இ-சஞ்சீவனி வசதி வந்தது. அதில் பேசும்போது ஒரு நாள் எண்ணை மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பத்தாது. ரெண்டு வாரத்து எண்களை நோட்டைப் பார்த்து வாசித்தால் மாத்திரையைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று அவரால் சொல்ல முடியும்.

அளக்கிறதிலும் விஷயம் இருக்கிறது. வயலிலிருந்து வந்த மூச்சோடு கையை நீட்டினால் எண் கூடத்தான் காட்டும். அதற்கு அரைமணி நேரம் முன்னால் காபி, புகையிலை வேண்டாம். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணை மேல் வைக்கலாம். பட்டையை ஜாக்கெட் கை மேல் சுற்றக்கூடாது. பேசவும் கூடாது (இதுதான் நம்மால் முடியாதது!). ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பாருங்கள். தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டணும்.

பீடி சுற்றுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கழுத்து வலி, இடுப்பு வலி என்று கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாய், கருவாட்டில் இருக்கிறதும் அதில் சேர்த்தி. கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் கோபப்படக் கூடாது, அப்பளமும்தான்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நோட்டையும் மிஷினையும் தேட வேண்டாம். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு ஆச்சியின் மாத்திரை அட்டையையும் நோட்டையும் கொண்டு வாருங்கள். மிஷினை நாங்கள் கொண்டு வருகிறோம், புது பேட்டரியோடு.